நெட்வொர்க் செக்யூரிட்டி சர்டிஃபிகேட் எடுக்கலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நெட்வொர்க், ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குள் எது வரலாம், போகலாம் என்று வடிகட்டும் கருவி) வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து சில வருடங்களாகக் கேள்வி கேட்டு வருகிறேன். ஆபீஸ் ஜூனியர்களும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தேர்வுக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த அமைப்பின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சர்டிஃபிகேட் எடுத்தால் வேலை கிடைத்துவிடுமா?

கிடைத்துவிடாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஹெச்ஆரில் இருப்பவர் மலைபோல் வந்த ரெஸ்யூமேக்களை ஒரு கைப்பிடியாகக் குறைத்தாக வேண்டும். அவருக்கு பிஜிபி, ஐபிசெக் போன்ற நெட்வொர்க் சங்கதிகள் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேடும் பெட்டியில் 'சிசிஎன்ஏ' (சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழ்) என்று அடிப்பார், அந்தச் சொல் உள்ளவை மேலே வரும். டெக்னிக்கல் ரவுண்டில் எதிரே இருப்பவர் சர்டிஃபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். பார்த்தால், "சிசிஎன்ஏ போட்டிருக்கிறீர்களே" என்று சொல்லி இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்.

அப்புறம் ஏன் எல்லா விளம்பரத்திலும் கேட்கிறார்கள்?

எல்லா விளம்பரத்திலும் கேட்பதில்லை. கேட்கிற இடங்களில், உங்கள் அறிவைச் சோதிப்பதைவிட வேறொரு காரணம்தான் பெரும்பாலும் பின்னால் இருக்கும்: அந்த நிறுவனத்துக்கு யாரிடமோ எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் தணிக்கை நிறுவனங்கள். நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன். பாதுகாப்புத் தணிக்கை செய்யத் தகுதியான நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றித் தரும் விவரத் தாளில், எங்களிடம் சிஐஎஸ்எஸ்பி (அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழ்) இத்தனை பேர், ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புத் தரநிலை) லீட் ஆடிட்டர் இத்தனை பேர், சிஐஎஸ்ஏ (கணினித் தணிக்கைச் சான்றிதழ்) இத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக நிரப்புகின்றன. அந்தக் கட்டத்தில் ஒன்றைக் கூட்டத்தான் உங்களைக் கேட்கிறார்கள்.

அடுத்து சிஸ்டம் இன்டகிரேட்டர்கள், அதாவது சிஸ்கோ, ஃபோர்ட்டினெட் போன்றவர்களின் பொருளை வாங்கி வாடிக்கையாளரிடம் நிறுவித் தருபவர்கள். பார்ட்னர் அந்தஸ்தைத் தக்கவைக்க அவர்களுக்குச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஒரு காலத்தில் சிஸ்கோவின் கோல்ட் பார்ட்னராக இருக்க, அதன் உச்ச நிலைச் சான்றிதழான சிசிஐஇ பெற்றவர்கள் நான்கு பேர் தேவைப்பட்டார்கள். சிசிஐஇ முடித்தவரை அந்த நாட்களில் போட்டி போட்டு இழுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மூன்றாவது அமெரிக்க ராணுவத் துறை. காம்ப்டியா நிறுவனத்தின் தொடக்கநிலைப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் உலகப் புகழ் பெற்றது அங்கே வந்த விதியால். ராணுவத் துறையின் கணினிகளில் பாதுகாப்பு வேலை பார்ப்பவர், அவர் ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும், குறிப்பிட்ட சான்றிதழ்களில் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 8570 என்ற எண்ணுள்ள உத்தரவு சொன்னது. இப்போது அதன் இடத்தில் 8140 இருக்கிறது. 'செக்யூரிட்டி பிளஸ் எடுத்ததும் வேலை கிடைத்தது' என்று யூடியூபில் வரும் அமெரிக்கர்களில் பலர் இந்த வாசல் வழியாக உள்ளே போனவர்கள். அந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அம்பத்தூரில் உட்கார்ந்து அந்தக் கதையைப் பார்த்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வளைகுடா வேலைகளையும் இதில் சேர்க்கலாம். டெண்டரில் இன்ஜினியரின் சிவியையும் சான்றிதழையும் இணைக்கச் சொல்வார்கள். காகிதம் இல்லையென்றால் பத்து வருட அனுபவம் இருந்தாலும் உங்கள் பெயரை டெண்டரில் போட முடியாது.

எனக்குத் தேவையா என்று எப்படி முடிவு செய்வது?

எந்தச் சர்டிஃபிகேட் நல்லது என்று தேடுவதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் உங்களுக்குப் பிடித்த வேலை விளம்பரங்கள் இருபதை எடுத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். நீங்கள் போகத் தயாராக இருக்கும் ஊர், உங்களுக்கு இருக்கும் அனுபவம், இந்த இரண்டுக்கும் பொருந்துபவை மட்டும். விளம்பரத்தில் வரும் சான்றிதழ் பெயர் ஒரு பத்தியில். பக்கத்திலேயே, அது கட்டாயமா, இருந்தால் நல்லதா என்பது. மூன்றாவது பத்தியில் அவர்கள் கேட்கும் கருவிகள்: பாலோ ஆல்ட்டோ, ஃபோர்ட்டிகேட், செக் பாயின்ட் போன்ற ஃபயர்வால்கள், லாக் அலசும் ஸ்பிளங்க், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் என்று எதுவாக இருந்தாலும்.

தாளை முடித்ததும் பெரும்பாலானவர்கள் கவனிப்பது ஒன்று உண்டு. மூன்றாவது பத்தி நிரம்பி வழியும், முதல் பத்தியில் பாதி காலியாக இருக்கும். ஒரே சான்றிதழ் பெயர் பத்து விளம்பரத்தில் கட்டாயம் என்று வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். இரண்டு மூன்றில் மட்டும் 'இருந்தால் நல்லது' என்று வந்திருந்தால், அந்தப் பணத்தையும் ஆறு மாதத்தையும் மூன்றாவது பத்தியில் போடுவதே லாபம்.

கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். எதில் தொடங்குவது?

சிசிஎன்ஏ. செக்யூரிட்டி என்று ஆசைப்பட்டு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் என் பதில் இதுதான்.

2020 பிப்ரவரியில் சிஸ்கோ பல பிரிவுகளாக இருந்த தன் சிசிஎன்ஏ தேர்வுகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்து 200-301 என்ற ஒரே தேர்வாக்கியது. சிசிஎன்ஏ செக்யூரிட்டி என்று தனியாக இருந்தது அன்றோடு போனது. யாராவது இன்னும் அந்தப் பெயரில் வகுப்பு விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போதைய தேர்வு 120 நிமிடம், கட்டணம் 300 டாலர். எழுத முன்தகுதி எதுவும் வேண்டாம். பாடத்திட்டத்தில் ஐபி இணைப்புக்கு மட்டும் 25 சதவீதம், பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15 சதவீதம்.

அது நெட்வொர்க் தேர்வுதானே? செக்யூரிட்டி வேலைக்கு எதற்கு?

இன்டர்வியூவில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையே காட்டிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் பயனாளருக்கு ஒரு வெப் சர்வர் திறக்கவில்லை. நடுவில் பாலோ ஆல்ட்டோ ஃபயர்வால். போக்குவரத்துப் பதிவான டிராஃபிக் லாகைப் பார்த்தால் ஆக்ஷன் 'அலவ்' என்றுதான் இருக்கிறது. செஷன் முடிந்த காரணம் 'ஏஜ்டு-அவுட்', அதாவது காத்திருப்பு நேரம் தீர்ந்தது. அனுப்பிய பாக்கெட் மூன்று, திரும்ப வந்தது பூஜ்யம். என்ன நடந்திருக்கும்?

ஃபயர்வால் கோர்ஸ் மட்டும் முடித்தவர் உடனே ரூலை மாற்றப் போவார். லாகே 'விட்டுவிட்டேன்' என்று சொல்கிறது, ரூலில் என்ன மாற்றுவது? இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் போயிருக்கிறது, அதற்குப் பதிலான சின்-ஆக் திரும்பவில்லை. சர்வரின் டீஃபால்ட் கேட்வே வேறு ரவுட்டரைக் காட்டுகிறதா, பதில் வேறு பாதையில் போகிறதா, சர்வருக்குள்ளேயே இருக்கும் ஃபயர்வால் தடுக்கிறதா, அந்த போர்ட்டில் வரும் பாக்கெட்டை வழியில் வேறு ஏதாவது விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வர் உயிரோடு இருந்து அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்றால் பொதுவாக ரீசெட் வரும். லாகில் காரணமும் வேறாக இருக்கும். இந்தச் சிந்தனை முழுக்க, பாதை தேடும் ரவுட்டிங்கும் இணைப்பை நடத்தும் டிசிபியும்தான். சிசிஎன்ஏவை உண்மையாகப் படித்தவர் இங்கே தடுமாற மாட்டார்.

அடுத்ததாகக் கேட்பது நேட், அதாவது ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது பற்றி. இன்டர்நெட்டிலிருந்து உள்ளே இருக்கும் சர்வருக்கு வழி விடும்போது, பாலோ ஆல்ட்டோவின் செக்யூரிட்டி ரூலில் போய்ச் சேரும் இடமாக எந்த ஐபி, எந்த ஸோன் (நெட்வொர்க் பகுதி) போடுவீர்கள்? ஐபி நேட்டுக்கு முந்தையது, அதாவது பொது முகவரி. ஸோன் நேட்டுக்குப் பிந்தையது, அதாவது சர்வர் உண்மையில் இருக்கும் ஸோன். மனப்பாடமாக இதைச் சொல்பவர்கள் நிறைய. ஏன் அப்படி என்று கேட்டால், முகவரி உண்மையில் மாற்றப்படுவது பாக்கெட் வெளியேறும்போதுதான், ஆனால் போகும் ஸோனைத் தெரிந்துகொள்ள ஃபயர்வால் முன்கூட்டியே ரவுட் பார்த்துவிடுகிறது என்று விளக்குபவர்கள் குறைவு. விளக்குபவருக்குத்தான் ஆஃபர் போகிறது.

செக்யூரிட்டி பிளஸ் வேண்டாமா அப்போது?

வேண்டாம் என்று சொல்லவில்லை. பரந்த அறிமுகத்துக்கு நல்ல பாடத்திட்டம் அது. இப்போதைய பதிப்பு எஸ்ஒய்0-701, 2023 நவம்பரில் வந்தது. அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம், 900க்கு 750 எடுத்தால் பாஸ். கிரிப்டோகிராபி, அடையாள மேலாண்மை, சம்பவ மேலாண்மை என்று எல்லாவற்றிலும் ஒரு கை வைக்கும். எஸ்ஓசி, அதாவது இரவு பகலாக அலர்ட் பார்க்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் பழக்கமாகும்.

அந்த வேலைகளுக்கு நம் ஊரில் தேவை இருக்கவே செய்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2016லிருந்தே தனிக் கட்டமைப்பு வைத்திருக்கிறது. பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு செபி 2024ல் ஒன்று கொண்டுவந்தது. யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஆனால் இந்த விதிகள் எதுவும் உங்களிடம் செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பாடத்தைப் படியுங்கள், இலவச வீடியோக்கள் ஏராளம். தேர்வுக்குப் பணம் கட்டுவதை உங்கள் எக்செல் தாள் சொல்லட்டும்.

சிஇஹெச் (சர்டிஃபைட் எத்திகல் ஹேக்கர்)? 'எத்திகல் ஹேக்கர்' என்று போட்டுக்கொள்ளலாமே?

போட்டுக்கொள்ளலாம். 125 கேள்வி, 4 மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. தேர்வு எழுத வாங்கும் வவுச்சர் மட்டுமே ஆயிரம் டாலரை ஒட்டி வரும். இதை நடத்தும் இசி-கவுன்சிலின் அதிகாரப்பூர்வப் பயிற்சியை எடுக்காமல் எழுத வேண்டுமென்றால் இரண்டு வருட அனுபவத்தைக் காட்டி, திருப்பித் தராத 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டும். செய்முறைத் தேர்வு தனி, அதற்குக் கட்டணமும் தனி.

கல்லூரி முடித்த கையோடு வீட்டில் கடன் வாங்கி முதல் சான்றிதழாக இதை எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அந்தப் பணத்தில் சிசிஎன்ஏ எழுதி, லேப் போட ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கி, மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். அரசு டெண்டரிலோ உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலோ சிஇஹெச் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அது வேறு கதை. அப்போது கம்பெனியே பணம் கட்டும்.

உண்மையிலேயே ஊடுருவல் சோதனைதான் (அனுமதியோடு உடைத்துப் பார்ப்பது) என் ஆசை. அதற்கான ஓஎஸ்சிபி சான்றிதழ்?

ஆசை உண்மையானதா என்று ஓஎஸ்சிபியே சொல்லிவிடும். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமராவும் திரைப் பகிர்வும் முழு நேரமும் ஓடும். கிட்டத்தட்ட 24 மணி நேரம் மெஷின்களை உடைக்க, அடுத்த 24 மணி நேரம் அறிக்கை எழுத. 100க்கு 70 வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தட்டிவிட்டுத் தப்பிக்கும் வாய்ப்பு இல்லை. இன்டர்வியூ எடுப்பவர்கள் இதற்குத் தரும் மரியாதைக்குக் காரணமும் அதுதான். 2024 நவம்பரிலிருந்து பாஸானவர்களுக்கு காலாவதி இல்லாத ஓஎஸ்சிபியோடு, மூன்று வருடத்தில் காலாவதியாகும் ஓஎஸ்சிபி பிளஸ் என்று இன்னொன்றும் தருகிறார்கள்.

நெட்வொர்க் தெரியாமல் நேராக இங்கே போகாதீர்கள். டிரைஹேக்மீ, ஹேக் தி பாக்ஸ் என்ற பயிற்சித் தளங்கள் இரண்டிலும் சில மாதம் ஓட்டுங்கள். ஒரு மெஷினில் மூன்று மணி நேரம் சிக்கி நின்ற பிறகும் சாப்பிட்டுவிட்டு மறுபடி அதிலேயே உட்காரத் தோன்றினால், பணம் கட்டலாம்.

மூன்று வருட அனுபவம் இருக்கிறது. சிஐஎஸ்எஸ்பி எழுதிவிடலாமா?

எழுதலாம், பாஸும் ஆகலாம், ஆனால் சிஐஎஸ்எஸ்பி என்று பெயருக்குப் பின்னால் போட முடியாது. எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும். கணினித் துறை சார்ந்த பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். அதுவரை 'அசோசியேட்' என்ற நிலைதான். அனுபவத்தை நிரப்ப ஆறு வருடம் தருவார்கள்.

கட்டணம் 749 டாலர். கேள்விகள் 100லிருந்து 150 வரை. நீங்கள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வி வரும், பின்னால் போய்த் திருத்த முடியாது. டெக்னிக்கலாக வலுவானவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். சர்வரில் ஓட்டை என்று கேள்வியில் படித்ததும் அதை அடைக்கும் பேட்ச் போடக் கை துறுதுறுக்கும். ஆனால் அங்கே எதிர்பார்க்கப்படுவது மேனேஜர் நாற்காலியிலிருந்து வரும் பதில்: முதலில் ஆபத்தை மதிப்பிடு, பொறுப்பானவரிடம் சொல், நடைமுறையைப் பின்பற்று. ஃபயர்வால் கமாண்ட் லைனைவிட்டு இன்னும் இறங்க மனமில்லாதவருக்கு இந்தச் சான்றிதழால் இப்போதைக்குப் பெரிய பலனில்லை. டீம் லீட், ஆர்க்கிடெக்ட், ஆலோசகர் என்று நகரப் போகும்போது எடுங்கள். சிங்கப்பூர், துபாய்க்குப் பெட்டி கட்டும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே.

ஃபயர்வால் கம்பெனிகளே நடத்தும் தேர்வுகள் எப்படி?

தினமும் அந்தக் கருவியில் வேலை செய்பவருக்கு நல்ல மதிப்பு, மற்றவர்களுக்குக் குறைவு. தேர்வுப் பெயர்கள் அடிக்கடி மாறுவதுதான் தலைவலி. ஃபோர்ட்டினெட் 2023 அக்டோபரில் தன் என்எஸ்இ சான்றிதழ் வரிசையின் பெயர்களையே மாற்றி அடுக்கியது. ஆறு மாதம் முன்னால் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். ஃபோர்ட்டினெட்டின் சுயகற்றல் பாடங்கள் இலவசம் என்பதால், தேர்வு எழுதாவிட்டாலும் அதைப் படிக்கலாம். பாடம் தெளிவாகவே இருக்கும்.

மொத்தமாக எவ்வளவு செலவாகும்?

தேர்வுக் கட்டணம் மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சிசிஎன்ஏ 300 டாலர் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 30,000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். ஃபெயில் ஆனால் மறுபடி முழுக் கட்டணம். இதில்தான் பலருடைய பட்ஜெட் உடைகிறது. மாடல் தேர்வுகளில் தொடர்ந்து எண்பத்தைந்துக்கு மேல் வராதவரை தேதி போடாமலிருப்பது புத்திசாலித்தனம்.

அப்புறம் புதுப்பிப்பு. சிசிஎன்ஏ மூன்று வருடம். மறுபடி எழுதலாம், அல்லது 30 தொடர்கல்விப் புள்ளி சேர்க்கலாம். செக்யூரிட்டி பிளஸ்ஸும் மூன்று வருடம். 50 புள்ளி, அதோடு ஆண்டுக் கட்டணம். சிஐஎஸ்எஸ்பிக்கு மூன்று வருடத்தில் 120 புள்ளியும், ஒவ்வொரு வருடமும் உறுப்பினர் கட்டணமும். நான்கு சான்றிதழ் வைத்திருப்பவர் வருடாவருடம் கட்டும் தொகையில் வீட்டுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம்.

செலவே இல்லாமல் வழி இருக்கிறதா?

கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் அறிமுகப் பாடங்களும், நெட்வொர்க்கைக் கணினியிலேயே பாவனையாகக் கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசரும் இலவசம். என்பிடெல் என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், அதுவும் ஆயிரம் ரூபாய் அளவில்தான். சிஐஎஸ்எஸ்பி நடத்தும் ஐஎஸ்சி2 அமைப்பு 2022ல் பத்து லட்சம் பேருக்குத் தன் தொடக்கநிலைச் சான்றிதழான சிசியின் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று அறிவித்தது. அது திறந்திருக்கும்போது பதிவு செய்தால் தேர்வு இலவசம்; பாஸான பிறகு ஆண்டுக் கட்டணம் மட்டும் கேட்பார்கள். புதியவர் ரெஸ்யூமேயில் காலி இடத்தைவிட அது மேல்.

வேளச்சேரியில் ஒரு சென்டர் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்கிறது. சேரலாமா?

நல்ல சென்டர்களும் இருக்கின்றன. சேருமுன் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம் ஃபீஸில் சேர்ந்ததா? பாடம் எடுப்பவர் தினமும் நெட்வொர்க் வேலை பார்ப்பவரா, போன பேட்சில் படித்தவரா? லேப் நேரம் வாரத்துக்கு எத்தனை மணி? டெமோ வகுப்பில் ஸ்லைடு மட்டும் காட்டினால் ஒரு விபிஎன் டனலை (இரண்டு இடங்களை இணைக்கும் மறையாக்கப் பாதை) கண் முன்னால் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அது விழுந்தால் எப்படிச் சரிசெய்கிறார் என்பதில் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

இஎம்ஐ என்று சொன்னால் கையெழுத்துப் போடும் தாளை நிதானமாகப் படியுங்கள். பல இடங்களில் அது ஒரு நிதி நிறுவனத்தின் தனிநபர் கடன். வகுப்பு பிடிக்கவில்லை என்று நீங்கள் நின்றுவிட்டாலும் மாதத் தவணை நிற்காது, சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். பிளேஸ்மென்ட் என்பது பல நேரம் 'மூன்று இன்டர்வியூவுக்கு அனுப்புவோம்' என்று பொடி எழுத்தில் இருக்கும்.

டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) படித்துப் பாஸாகலாம் என்கிறார்களே?

ஆகிறார்கள். தெரிந்துவிட்டால் சான்றிதழை ரத்து செய்யவும் மேற்கொண்டு எழுதவிடாமல் தடுக்கவும் சிஸ்கோ, காம்ப்டியா எல்லோருக்கும் விதி இருக்கிறது. அதுகூட இருக்கட்டும். டம்ப்ஸ் படித்தவரை மேலே சொன்ன 'ஏஜ்டு-அவுட்' கேள்வியில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பாஸானதே அவருக்கு எதிராகத் திரும்பும், ஏனென்றால் சிசிஎன்ஏ போட்டிருக்கும் ஆளிடம் எதிர்பார்ப்பு அதிகம்.

கம்பெனி பணம் கட்டுகிறேன் என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு சரி சொல்லுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திரும்பத் தர வேண்டும் என்ற வரி இருக்கும்; கடைசி செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். தேர்வுக் கட்டணத்துக்கு அது நியாயமே. இரண்டு நாள் உள் பயிற்சிக்கு லட்ச ரூபாய் என்று மதிப்புப் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். முதல் முறை ஃபெயில் ஆனால் யார் கட்டுவது என்பதையும் மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்புக்கு என்ன வேண்டும்?

16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், நெட்வொர்க்கைப் பாவனையாகக் கட்ட ஈவ்-என்ஜி அல்லது ஜிஎன்எஸ்3, பாக்கெட்டைப் பார்க்க ஒயர்ஷார்க், இலவச ஃபயர்வாலாக பிஎஃப்சென்ஸ். ஃபோர்ட்டிகேட்டின் விஎம் (மெய்நிகர் கணினியில் ஓடும்) பதிப்புக்கு காலாவதி இல்லாத சோதனை லைசென்ஸ் உண்டு. மூன்று இன்டர்ஃபேஸ், மூன்று பாலிசி, மூன்று ரவுட் என்று கையைக் கட்டியிருப்பார்கள், கற்றுக்கொள்ள அது போதும். செய்ததை ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி வையுங்கள். சர்டிஃபிகேட் இல்லாத ஒரு பையன் தன் லேப் குறிப்புகளைக் காட்டியே எங்கள் பேனலில் தேறியிருக்கிறான். விபிஎன் ஏன் எழவில்லை என்று அவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான், இரண்டு முனையிலும் என்கிரிப்ஷன் டொமைன் (விபிஎன் வழியே போக வேண்டிய முகவரிகள்) பொருந்தாததைப் படம் போட்டு. பேனலில் கேட்க வேண்டிய கேள்விக்கு அவன் முன்பே பதில் எழுதிவிட்டிருந்தான்.

எனக்கு முப்பத்தைந்து வயது, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். இனிமேல் ரவுட்டிங் படிக்க வேண்டுமா?

படித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆவணம் எழுதுவதும், ஆதாரம் கேட்டு வாங்குவதும், விதியோடு ஒப்பிடுவதும் உங்களுக்குக் கைவந்த வேலை. தணிக்கைப் பக்கம் அதற்குத்தான் சம்பளம். ஐஎஸ்ஓ 27001 லீட் ஆடிட்டர் ஐந்து நாள் பயிற்சி, பிறகு அனுபவம் சேர்ந்ததும் சிஐஎஸ்ஏ. சிஐஎஸ்ஏ நடத்தும் ஐசாக்காவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். இந்தப் பாதையில் சான்றிதழுக்கு ஃபயர்வால் பக்கத்தைவிட மதிப்பு அதிகம், காரணம் தணிக்கை நிறுவனங்கள் நிரப்புவதாக மேலே சொன்ன கட்டங்கள்.

தேர்வு நாளில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஏதாவது உண்டா?

உண்டு, இனிஷியல். இந்தத் தேர்வுகளில் பலவற்றை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பொருந்த வேண்டும். நம்மவருக்கு ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அப்பா பெயர் முழுதாக, ஆபீஸில் 'எஸ். கார்த்திக்' என்று மூன்று அவதாரம் இருக்கும். தேர்வுக்கு எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே கணக்கில் பெயரைப் பதியுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதுவே நல்லது. பதிந்த பிறகு மாற்ற வேண்டுமானால் தேர்வுக்குப் பல நாள் முன்னாலேயே ஆதரவு மையத்துக்கு எழுத வேண்டும். அன்று காலை வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை, கட்டிய பணமும் போகும்.

வீட்டிலிருந்து எழுதுபவர்கள் மேஜையைத் துடைத்து வைத்து, அறையின் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கேள்வியை வாய்விட்டு முணுமுணுத்துப் படித்தாலே எச்சரிக்கை வரும். உள்ளே யாராவது காபி கொண்டு வந்தால் தேர்வு ரத்தாகலாம். கரன்ட் போகும் ஊர் என்றால் மையத்துக்கே போய்விடுங்கள். சிஐஎஸ்எஸ்பி எப்படியும் மையத்தில்தான்.

காலாவதியான சர்டிஃபிகேட்டை ரெஸ்யூமேயில் போடலாமா?

போடலாம், வருடத்தோடு. '2019–2022' என்று எழுதினால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. தேதியை மறைத்தால்தான் சந்தேகம் வரும், சரிபார்க்கும் இணைப்பைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நடப்பில் உள்ளவற்றுக்கு அந்த இணைப்பையே கொடுத்துவிடுங்கள். படித்துக்கொண்டிருப்பதை 'தேர்வுத் தேதி இன்னது' என்று குறிப்பிட முடிந்தால் மட்டும் எழுதுங்கள். தேதியில்லாத 'தயாராகிக்கொண்டிருக்கிறேன்' என்ற வரியை நாங்கள் படிப்பதே இல்லை.